சனிக்கிழமைப் புகை

எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு பங்களா இருந்தது. நான் அப்படித்தான் சொல்வேன். அம்மா, பங்களாவுக்குப் பின்னால் நம்ம வீடு என்பாள். மதுரையில் பஞ்சாலை வைத்திருந்த முதலாளி ஒருவருக்குச் சொந்தமானது. மே மாதம் சீசனுக்குக் குடும்பத்தோடு மலைக்கு மேலே வருவார். மழைக்கு முன்னால் இறங்கிவிடுவார். மற்ற மாதமெல்லாம் அது பூட்டிக் கிடக்கும். அப்பா அதற்கு வாட்ச்மேன். பின்பக்கம் தகரக்கூரை போட்ட இரண்டு அறையில் நாங்கள் இருந்தோம். அங்கேதான் பிறந்தேன். அங்கிருந்துதான் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய்ப் படித்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் படிக்கப் போன முதல் ஆள் நான். எனக்கு முந்தியவர்கள் கூட்டிப் பெருக்கத்தான் போயிருக்கிறார்கள்.

பூட்டிக் கிடக்கும் என்றேன். ஆனால் சனிக்கிழமை தோறும் அப்பா அதைத் திறப்பார். கொடைக்கானலில் ஒரு வீட்டை மாதக்கணக்கில் திறக்காமல் விட்டால் வெளியே பெய்கிற மழை உள்ளேயும் வந்துவிடும். கூரை ஒழுக வேண்டியதில்லை, மூட்டம் போதும். மெத்தை நசநசத்துப் போகும், சோபாவில் பச்சையாகப் பூஞ்சை பூக்கும், பியானோவின் கட்டைகள் ஊறிப்போய் அமுக்கினால் எழுந்திருக்காது. அதனால் சனிக்கிழமை மத்தியானம் மூன்று கணப்பிலும் அப்பா வாட்டில் மரக் கட்டையை அடுக்கித் தீ மூட்டுவார். கதவு, அலமாரி எல்லாவற்றையும் திறந்துவைத்து, மெத்தைகளைத் தீக்கு எதிரே நிமிர்த்திச் சாய்த்து வைப்பார். இதற்கு ‘சிம்னி போடறது’ என்று பெயர். எங்கள் சரிவில் இருந்த பங்களா வாட்ச்மேன்கள் எல்லோருக்கும் இது சனிக்கிழமைச் சோலி. அன்றைக்கு மட்டும் ஆள் இல்லாத வீடுகள் மேலெல்லாம் புகை நிற்கும். ஊர்க்காரர்களுக்கு அது கண்ணிலேயே படாது. தினமும் பார்க்கிற மரத்தை யார் பார்க்கிறார்கள்?

நான் பழனியில் பி.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது எழுபதுகள் முடியப்போகிற சமயம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். காத்திருப்பது என்று சொல்கிறோமே தவிர, அது உட்கார்ந்து செய்கிற காரியம் இல்லை. எனக்கு உட்கார முடியவில்லை. வெள்ளனே எழுந்து ஏரியை ஒரு சுற்றுச் சுற்றுவேன். கடைத்தெருவுக்குப் போவேன். பஸ் வரும்போது நிற்பேன், யாரையும் எதிர்பார்க்காமல். ராத்திரி படுத்தால் கால் மட்டும் நடந்துகொண்டே இருக்கும். படித்தது எல்லாம் உள்ளே கிடந்து உருண்டுகொண்டிருந்தது. அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

இறக்கி வைத்த இடம் ஒரு டீக்கடை. அதை ஒட்டி ஒரு சின்ன அறையில் நாங்கள் நாலைந்து பேர் படிப்பகம் நடத்தினோம். பேப்பர் வந்ததும் சண்டை தொடங்கும். அந்த வருஷங்களில் பேப்பரைத் திறந்தால் வரிதான். பணக்காரன்மேல் இன்னும் போடலாமா, போட்டது போதுமா, அதிகம் போட்டால் ஒளிப்பானா, குறைத்தால் ஒழுங்காகக் கட்டுவானா என்று டில்லியில் பேசினார்கள், நாங்களும் பேசினோம். இருக்கிறவனிடம் வாங்காமல் இல்லாதவனிடமா வாங்க முடியும் என்பது என் கட்சி. டீக்கடை அண்ணாச்சி எதிர்க்கட்சி. டீ ஆற்றிக்கொண்டே அவர் சொல்வார், நீங்க பாட்டுக்கு வரியப் போட்டு விரட்டிருங்க, சீசனுக்கு அவங்க வரலேனா நான் இந்த ஏரித் தண்ணிக்கா டீ போட்டுக் குடுக்கிறது என்று. மில்லுக்காரனுக்கு வரி போட்டா அவன் வேட்டி விலையில ஏத்திருவான், கடைசியில வரி கட்டறது யாரு, வேட்டி கட்டின நானு என்பார். பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பாடமே உண்டு. நான் அதை விளக்க ஆரம்பித்தால், “ஏலே, டீய மொதல்ல குடி, ஆறிப்போச்சு” என்று முடித்துவிடுவார்.

அந்த மே மாதம் முதலாளி வந்தபோது நானும் அப்பாவுக்கு உதவியாக விறகு சுமந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் முன்வராந்தாவில் விருந்தாளிகளோடு உட்கார்ந்து அவரும் வரியைத்தான் பேசினார். கெட்டவர் இல்லை. மிஷன் பள்ளியில் எனக்கு இடம் கிடைக்க ஒரு வார்த்தை சொன்னவரே அவர்தான். வாதம் செய்வது அவருக்குச் சீட்டு விளையாடுகிற மாதிரி. எதிரில் ஆள் இருந்தால் போதும். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

“தம்பி, நீ பொருளாதாரம் படிச்சவன்ல. சொல்லு. சம்பாதிக்கிறதுல பெரும்பங்க அரசாங்கமே எடுத்துக்கிட்டா அடுத்த மில்ல நான் எதுக்குக் கட்டணும்? நான் கட்டலேனா உன்ன மாதிரிப் பிள்ளைகளுக்கு யாரு வேல தருவா?”

“இப்ப இருக்கிற மில்லுலயும் எனக்கு வேல இல்லீங்களே, சார்” என்றேன்.

விருந்தாளிகள் சிரித்தார்கள். முதலாளி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பயலுக்கு வாய் இருக்கு என்றார். வாய் இருந்ததால் நான் நிறுத்தவில்லை. இந்த ஊரில் வீட்டு வரி எப்படி இருக்கிறது என்பதையும் சொன்னேன். ஊருக்கு வெளியே அட்டுவம்பட்டியில் ஒற்றை அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கு வருஷம் முழுக்க வரி; வருஷத்தில் ஒரு மாதம் திறக்கிற பங்களாவுக்கு, ‘காலியாக இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால் பாதி வரி தள்ளுபடி. அவர் அதற்கும் சிரித்தார். ஆள் இல்லாத வீட்டுக்கு எதுக்குப்பா வரி, தண்ணி குடிச்சனா வெளக்குப் போட்டனா என்றார். தூணுக்குப் பின்னால் அப்பா விறகோடு நின்றார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை கட்டை பிளந்துகொண்டே அப்பா பேசினார். நான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்றார். முதலாளியும் கோபப்படவில்லை என்றார். “ஆனா அவரு சிரிச்சுட்டு மறந்திருவாரு. நமக்கு மறக்கறதுக்கு வேற வீடு இல்ல. அத மட்டும் நெனச்சுக்க.”

சீசன் முடிந்தது, முதலாளி இறங்கிப் போனார், மழையும் வந்தது. அதன் பிறகுதான் நகர அலுவலகத்திலிருந்து அந்த அறிவிப்பு. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத காலம். ஒரு அதிகாரிதான் எல்லாம். கீழ்நாட்டிலிருந்து மலைக்குப் புதிதாக வந்திருந்தவர். பங்களாக்களுக்குக் கொடுக்கிற ‘காலி வீடு’ தள்ளுபடியை எடுத்துவிடுவது, அதற்கு மேல் பெரிய பங்களாக்களுக்குக் கூடுதல் வரியும் போடுவது, அந்தப் பணத்தில் அட்டுவம்பட்டிப் பக்கம் குழாய் இழுப்பது என்று திட்டம். ஆட்சேபம் உள்ளவர்களும் ஆதரிக்கிறவர்களும் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அலுவலக ஹாலுக்கு வந்து பேசலாம் என்று தண்டோராவும் போட்டார்கள். அட்டுவம்பட்டியில் என் சித்தி இருந்தாள். குடத்தோடு ஓடைக்கு இறங்கி ஏறி அவளுக்கு இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தது. படிப்பகத்தில் எல்லோரும் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். நானும் அதற்குத்தானே தவித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே மதுரையிலிருந்து முதலாளியின் மானேஜர் ஜீப்பில் வந்தார். பங்களாக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வக்கீல் வைத்திருக்கிறார்களாம். வீடு காலியாகவே கிடக்கிறது, கதவுகூடத் திறப்பதில்லை என்பதுதான் வக்கீலின் வாதமாம். மெத்தை போட்டு, தீ மூட்டி, முதலாளி எப்போது வந்தாலும் படுக்கலாம் என்று தயாராக வைத்திருந்தால் அது காலி வீடு ஆகாது என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறதாம். அதனால் கூட்டம் முடிகிறவரை சிம்னி போடக் கூடாது. அப்பா தயங்கித் தயங்கி, இந்த மழைக்கு ரெண்டு வாரம் தாண்டினா மெத்தை போயிருங்க என்றார்.

“மெத்த போனா வேற மெத்த. சலுக போனா வருஷா வருஷம் போகும்” என்றார் மானேஜர். ஜீப்பில் ஏறின பிறகு இன்னொன்றும் சொன்னார். “பொக மட்டும் தெரிஞ்சுது, நீயும் வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்.”

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் மாதிரி நிலைகொள்ளாத காலம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. எனக்கு மட்டும் இருந்த நோய் அப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. சனிக்கிழமை வந்தால் அவர் கை சும்மா இருக்காது. சாவியை எடுப்பார், வைப்பார். பங்களாவைச் சுற்றிச் சுற்றி வருவார். சன்னல் கண்ணாடியில் உள்பக்கம் நீர் வழிவதை வெளியே நின்று கையால் துடைப்பார். துடைத்தால் போகுமா அது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் நன்றாகக் காய்ந்த சுள்ளியாகப் பார்த்து ஒரே ஒரு கணப்பில் பற்றவைத்துவிட்டு என்னை அனுப்பினார்.

“வளைவு வரைக்கும் போயி நின்னு பாரு. தெரியுதான்னு சொல்லு.”

போய்ப் பார்த்தேன். மூட்டம் விலகிய இடத்தில் நூல் மாதிரி எழுந்து நின்றது. திரும்பி வந்து, தெரியுதுப்பா என்று காதோடு சொன்னேன். உடனே மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார். அணைத்த பிறகு இன்னும் அதிகமாகப் புகைந்தது. இரண்டு பேரும் அது அடங்குகிறவரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

என் பிரச்சினை வேறு. சாப்பிடும்போதும் நடக்கும்போதும் நான் பேச்சைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். எப்படித் தயாரித்தாலும் ஒரே இடத்தில் வந்து முட்டியது. அந்த வீடுகள் காலி இல்லை என்று நிரூபிக்க எனக்குப் புத்தகம் தேவையில்லை. சனிக்கிழமை மத்தியானம் போதும். என் அப்பா தீ மூட்டுகிறார், மெத்தை காயவைக்கிறார், பியானோவைத் திறந்து மூடுகிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் வக்கீல் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார். சித்தி வீட்டுப் பக்கம் குழாய் வரும். நாங்கள் தகரக்கூரையை விட்டுக் கிளம்பவேண்டியது வரும்.

அப்பா அதை என் முகத்திலேயே படித்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு முந்தின நாள் அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்.

“நீ போயிப் பேசு. வரி போடணும்னே பேசு, நான் தடுக்கல. நெருப்பப் பத்தி மட்டும் சொல்லாத. அது என் சோலி.”

சரி என்றேன். அம்மா, எனக்கு வரியும் வேணாம் கிரியும் வேணாம், இந்த வீட்ல இருக்கிற ரெண்டு ஆம்பளைகளும் ஒரு நாளாவது ஒரு எடத்துல உக்காந்து தின்னாச் சரி என்றாள்.

மறுநாள் நான் சட்டை மாட்டும்போது அப்பா கூட்டத்தைப் பற்றிக் கேட்டார். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நடக்கும், அதிகாரியும் உள்ளேதான் இருப்பாரா, ஊர்க்காரர்கள் எல்லோரும் வருவார்களா. நான் பேசப்போவதில் அவருக்கு இவ்வளவு அக்கறையா என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் உள்ளதான்பா இருப்பாங்க, ஒரு ஈ காக்கா வெளிய இருக்காது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஹாலில் நிற்க இடமில்லை. அதிகாரி ஸ்வெட்டருக்கு மேல் கோட்டுப் போட்டு, மப்ளரைக் காதோடு இறுக்கிக் கட்டியிருந்தார். அவருக்கு இடது பக்கம் முழுவதும் கண்ணாடிச் சன்னல். வெளியே காலையிலிருந்து வெள்ளைத் திரை போட்டது போல மூட்டம். வக்கீல் முதலில் பேசினார். நன்றாகவே பேசினார். பணம் வைத்திருப்பது குற்றமா என்று கேட்டார். உபயோகிக்காத தண்ணீருக்கு, போடாத விளக்குக்கு, நடக்காத ரோட்டுக்கு வரி கேட்பது எந்த ஊர் நியாயம் என்றார். அந்த வீடுகளுக்குள் ஒரு மனித மூச்சு கிடையாது என்றார். அண்ணாச்சி முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

பிறகு நான். இருக்கிறவர்கள் கொடுக்க வேண்டியதன் நியாயத்தைச் சொன்னேன். ரோடும் போலீசும் ஆஸ்பத்திரியும் இருப்பதால்தான் பங்களாவுக்கு விலை இருக்கிறது, அதைத் தாங்கிப் பிடிப்பது வருஷம் முழுக்க இங்கே இருக்கிறவன் கட்டுகிற வரி என்றேன். சித்தியின் குடத்தைச் சொன்னேன். கை தட்டினார்கள். ஆனால் தட்டினவர்கள் ஏற்கெனவே என் பக்கம் இருந்தவர்கள். அதிகாரி எழுதிக்கொள்ளவில்லை, கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் எழுந்தார். “தம்பி உணர்ச்சியாப் பேசினாங்க. சந்தோஷம். ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். இந்தப் பங்களாக்கள்ள ஒண்ணுலயாவது, சீசன் இல்லாத நாள்ல ஆள் புழங்கி நீங்க பாத்திருக்கீங்களா? உங்க கண்ணால?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பங்களாவுக்குப் பின்னால் பிறந்தவன் என்று தெரிந்தவர்கள் பாதிப் பேர். வாயைத் திறந்தால் தீ வந்துவிடும் போலிருந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கால் முன்னால் போகப் பார்த்தது, ஒரு கால் வாசலுக்குப் போகப் பார்த்தது. வக்கீல் மெதுவாகச் சிரித்துக்கொண்டு உட்காரப் போனார்.

அப்போது அதிகாரி எழுந்து நின்றார். அவர் எங்களைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்க என்னய்யா? எல்லா வீடும் பத்திக்கிட்டு எரியுதா?”

திரும்பினோம். மூட்டம் எப்போது கிழிந்தது என்று தெரியவில்லை. எதிர்ச்சரிவு மழையில் கழுவியது போல் பளிச்சென்று கிடந்தது. சரிவு முழுக்கப் புகை. ஒரு பங்களா இல்லை, இரண்டு இல்லை. கண்ணுக்குத் தெரிந்த எல்லாப் பங்களாவும், எல்லாச் சிம்னியும். வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்த ஈரக்கட்டைப் புகை, கொழுத்துத் திரண்டு நேராக எழுந்துகொண்டிருந்தது. நடுவில் எங்களுடையது. மூன்று சிம்னியும்.

அதிகாரி தீயணைப்புக்கு ஆளனுப்பச் சொல்லிப் பியூனைக் கூப்பிட்டார். ஹால் முழுக்கச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அண்ணாச்சி, என் எதிர்க்கட்சி அண்ணாச்சி, அவரை அமர்த்தினார்.

“தீயெல்லாம் இல்லீங்க சார், ஒக்காருங்க. சனிக்கெழம பொக அது. வருஷம் பூராவும் வாட்ச்மேன்க சிம்னி போடறதுதான். மெத்த கெடக்குல்ல உள்ள.”

சொல்லி முடித்த பிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் கடிகாரத்தைப் பார்த்தார். முதல் தடவையாக அதிகாரி பேனாவை எடுத்து எழுதினார்.

நான் கூட்டம் முடியுமுன்பே ஓடினேன். குறுக்கு வழியில் இறங்கி ஏறி வீட்டுக்கு வந்தபோது அப்பா சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தார். அந்தச் சில வாரத்தில் முதல் தடவையாக அவர் முகம் அமைதியாக இருந்தது. எல்லோரும் ஹாலுக்குள் இருக்கிற நேரம் பார்த்து வெரசாப் போட்டு முடித்துவிட்டதாகச் சொன்னார். பியானோவில் ரெண்டு கட்டை எழுந்துவிட்டதாம்.

“ஹாலுக்குச் சன்னல் இருக்குப்பா” என்றேன்.

கையிலிருந்த தகரத்தட்டைக் கீழே வைத்தார். நெருப்பை நான் சொன்னேனா என்று அவர் கேட்கவில்லை. எங்கள் சிம்னி தெரிந்ததா என்றுதான் கேட்டார். எல்லாம் தெரிஞ்சுச்சு என்றேன். எல்லாம்னா என்றார். சரிவில் இருக்கிற எல்லாப் பங்களாவும் என்றேன். அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். “அப்ப எல்லாப் பயலும் இதே ரோசனதான் பண்ணிருக்கானா?” ஒவ்வொரு வாட்ச்மேனிடமும் ஒவ்வொரு மானேஜர் வந்து, வெளியே மூச்சுவிடாதே என்று சொல்லியிருக்கிறார். மூச்சுவிடாமல் இருந்து, ஆளாளுக்குத் தனியாக யோசித்து, எல்லோரும் அதே நேரத்தில் பற்றவைத்திருக்கிறார்கள்.

அவர் சிரித்தாரே தவிர, அம்மா டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கிவிட்டாள். மானேஜர் வருகிறவரை அது திறந்தே கிடந்தது. ஜீப் சத்தம் என்று நினைத்து நான் எத்தனை தடவை எழுந்து வெளியே போனேன் என்று தெரியாது. வந்தார். கத்தினார். உன் பையன்தானே சன்னலக் காட்டினது என்று கேட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, “அவன் காட்டலீங்க, நான்தான் பத்த வெச்சேன்” என்றார். மானேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜீப்பைச் சுற்றி நடந்தார். ஒருத்தன் பத்த வெச்சிருந்தா அவன அன்னைக்கே எறக்கியிருப்போம் என்றார். எல்லாரும் பத்த வெச்சுத் தொலைச்சிருக்கீங்க, இந்த மழையில ஒரே நாள்ல அத்தன புது ஆளுக்கு எங்க போறது என்றார். அதோடு போய்விட்டார். அம்மா பெட்டியை மேலே ஏற்றவில்லை. அது அந்தக் கிறிஸ்துமஸ் வரை கீழேயே கிடந்தது.

மெத்தை போட்ட பங்களாவுக்குத் தள்ளுபடி கிடையாது என்று உத்தரவு வந்தது. கூடுதல் வரி யோசனை சென்னைக்குப் போனது; திரும்பி வரவே இல்லை. குழாய் அட்டுவம்பட்டி முனைவரை வந்து நின்றது, சித்தி வீட்டுக்கு இன்னும் ஒரு ஏற்றம் மிச்சம் இருந்தது. படிப்பகத்தில் ஜெயித்தோம் என்றார்கள். ஒருவன் மட்டும், புகைதான் பேசிச்சு, நீ எங்க பேசின என்றான். அவனுக்குப் பதில் தேடி ஏரியை எத்தனையோ தடவை சுற்றினேன். வரியும் வேண்டும், தகரக்கூரையும் வேண்டும் என்று நின்றவனுக்கு இரண்டுமே கிடைத்தன. ஆனால் நான் எதையும் வாங்கிக் கொடுக்கவில்லை. ஆறேழு வருஷம் கழித்து, டில்லியில் பணக்காரர்களின் வரியைக் குறைக்கிறார்கள் என்று பேப்பரில் படித்தபோதும் எனக்கு முதலில் அந்தப் பெஞ்சுதான் கையில் தட்டுப்பட்டது.

அடுத்த மே மாதம் முதலாளி வந்தார். முதல் நாள் சாயங்காலமே மூட்டம் இறங்கிவிட்டது. வராந்தாவில் விருந்தாளிகளிடம் அந்தப் புகைக் கதையைத்தான் சொன்னார், நான் நினைத்ததைவிட நன்றாகவே சொன்னார். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். என்னைக் கூப்பிட்டு, இப்ப உனக்குத் திருப்திதானே தம்பி, முழு வரி கட்டறேன் என்றார். என்னிடம் பதில் இருந்தது. ஒரு வருஷம் முழுக்கச் செதுக்கி வைத்திருந்த பதில். நான் வாயெடுப்பதற்குள் தூணுக்குப் பின்னாலிருந்து அப்பா விறகோடு முன்னால் வந்தார்.

“குளிருதுங்களே, போடவாங்க அய்யா?”

“போடு, போடு. அதான் வரி கட்டியாச்சுல்ல.”

அப்பா உள்ளே போய் மண்டியிட்டார். நானும் பின்னாலேயே போய்க் கட்டையை எடுத்துக் கொடுத்தேன். பற்றிக்கொண்டது. நிமிர்ந்து பார்க்காமலே, வெளிய போயிப் பாரு, தெரியுதான்னு, என்றார்.

போய்ப் பார்த்தேன். வளைவு வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை, முற்றத்திலிருந்தே தெரிந்தது.

வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். “நல்லாத் தெரியுதுப்பா.”